வைஃபை சோதனைக்கு எந்த ஏஐயைக் கூட்டிக்கொண்டு போவது?

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் ஏதாவது ஒரு தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் நின்று ஸ்கேன் போட்டுப் பாருங்கள், திரை நிரம்ப வைஃபை பெயர்கள் வந்து விழும். அண்மையில் அப்படியொரு கட்டடத்தில் இருக்கும் கணக்காளர் அலுவலகம் ஒன்றைச் சோதிக்கப் போனபோது எண்ணிப் பார்த்தேன், 64. அதில் சோதிக்கச் சொல்லி எனக்கு எழுத்தில் அனுமதி தந்தவருடையவை இரண்டே இரண்டு. மிச்சம் 62உம் மேல்மாடிக் குடும்பம், எதிர்ப்பக்கத்து டியூஷன் வகுப்பு, கீழே மருந்துக்கடை, யாரோ ஒருவரின் போன் ஹொட்ஸ்பொட் என்று எனக்குச் சம்பந்தமே இல்லாதவர்களுடையவை.

இந்த 64ஐ மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். வயர்லெஸ் பாதுகாப்புச் சோதனைக்கு ஏஐ மொடல்களைப் பாவிக்கலாமா என்று இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள், குறிப்பாக நெட்வொர்க்கிங் படித்துவிட்டுச் சின்னச் சின்னக் கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் இந்த வேலையைச் செய்து கொடுக்கத் தொடங்கியிருக்கும் தம்பிமார். பாவிக்கலாம். நானும் பாவிக்கிறேன். ஆனால் எல்லாரும் கேட்பது "எது கெட்டிக்கார மொடல்?" என்று. அதற்கு முதல் இரண்டு கேள்வி கேட்க வேண்டும்: வாடிக்கையாளரின் தரவு எங்கே போகிறது, என்டர் பொத்தானை அழுத்துவது யார்.

வழிகள் மூன்று. சாட்ஜிபிடி, கிளோட், ஜெமினி மாதிரி இணையத்தில் இருக்கும் கிளவுட் மொடலிடம், அதாவது அந்த நிறுவனத்தின் கணினியில் ஓடும் மொடலிடம் கேட்பது ஒன்று. ஒல்லாமா போன்ற ஒரு மென்பொருளை நிறுவி, லாமா, குவென், மிஸ்ட்ரல் என்று வெளியாகியிருக்கும் மொடல்களைச் சொந்தக் கணினியிலேயே ஓட்டுவது இரண்டாவது. மூன்றாவது ஏஜென்ட், அதாவது மொடலின் கையில் கட்டளை தட்டும் டெர்மினலையே கொடுத்துவிட்டு "நீயே சோதி" என்று விடுவது. என் முடிவை முதலே சொல்லிவிடுகிறேன்: படிக்கவும் பொதுவான சந்தேகம் கேட்கவும் கிளவுட், வாடிக்கையாளரிடம் பிடித்த எதையும் காட்டவேண்டி வந்தால் சொந்தக் கணினி மொடல், ஏஜென்ட் என்றால் வீட்டில் பரிசோதனைக்கென்று வைத்திருக்கும் பழைய ரவுட்டரில் மட்டும். ஏன் என்று கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும்.

கிளவுட் மொடல்கள் உண்மையிலேயே நல்ல ஆசிரியர்கள், அதை மறுக்க மாட்டேன். வைஃபையைப் பூட்டும் முறையான டபிள்யூபிஏ2வில் பாஸ்வேர்டையும் வைஃபை பெயரையும் சேர்த்து 4096 சுற்று அரைத்துத்தான் சாவி உண்டாகிறது என்பதையோ, 2018இல் வந்த அதன் அடுத்த பதிப்பான டபிள்யூபிஏ3 ஏன் ஹேண்ட்ஷேக்கைப் (இணையும்போது கருவியும் ரவுட்டரும் பரிமாறும் செய்திகள்) பிடித்துக்கொண்டு போய் வீட்டில் வைத்து உடைக்கும் வேலையை முடக்குகிறது என்பதையோ எத்தனை தடவை கேட்டாலும் அலுக்காமல் விளக்கும். டிரைவர் ஏறவில்லை, காற்றில் போகும் எல்லா வைஃபை செய்தியையும் கேட்கும் மொனிட்டர் மோட் வரவில்லை என்றால் பிழைச்செய்தியைக் கொடுத்து வழி கேட்கலாம். பொதுவான மாதச் சந்தா 20 டொலர், இப்போதைய விலையில் ஏறக்குறைய 6,000 ரூபாய். கணினிக் கடைகள் நிறைந்த யூனிட்டி பிளாஸாவில் ஒரு கிராஃபிக்ஸ் கார்டின் விலையைக் கேட்டுவிட்டு வந்தவருக்கு இது பெரிய தொகையாகத் தெரியாது. உடைப்பது சம்பந்தமான கேள்விகளுக்குச் சில வேளை மறுத்துவிடும், அதைப் பெரிய குறையாக நான் நினைக்கவில்லை. அந்த அடிப்படைகள் வைஃபையைச் சோதிக்கும் ஏர்கிராக், பாஸ்வேர்டை ஊகித்துப் பார்க்கும் ஹேஷ்கேட் என்ற கருவிகள் இரண்டினதும் சொந்த வழிகாட்டிகளிலேயே இருக்கின்றன, மொடலை விடச் சரியாகவும் இருக்கின்றன.

பிரச்சினை நாம் அதில் எதை ஒட்டுகிறோம் என்பதில் இருக்கிறது. இதில் நானே ஒரு பெரிய பிழை விட்டிருக்கிறேன். தொடக்க காலத்தில் ஒரு வேலையின்போது ஸ்கேன் எடுத்த சிஎஸ்வி ஃபைலை அப்படியே முழுதாகக் கொப்பி பண்ணி ஒரு கிளவுட் மொடலில் ஒட்டி, "இதைத் தரம் பிரித்துக் கொடு" என்று கேட்டேன். அழகாகப் பிரித்துத் தந்தது. இரவு வீட்டுக்கு வந்து அதே ஃபைலை நிதானமாகத் திறந்து பார்த்தபோதுதான் கீழ்ப்பாதியை ஒழுங்காகப் பார்த்தேன். மேலே ரவுட்டர்கள், கீழே போன்களும் லேப்டொப்களும், சிலவற்றின் பக்கத்தில் அவை தேடிக்கொண்டிருந்த பழைய வைஃபை பெயர்கள். ஒரு போன் ஒரு ஹோட்டலின் பெயரையும் ஒரு தனியார் மருத்துவமனையின் பெயரையும் தேடிக்கொண்டிருந்தது. அது யாருடைய போன் என்று எனக்குத் தெரியாது, அவர் எனக்கு எந்த அனுமதியும் தரவுமில்லை. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 காலத்துக்குப் பிறகு வந்த போன்கள் தங்கள் வன்பொருள் முகவரியை மாற்றி மாற்றிக் காட்டுவது வழமையாகிவிட்டது, அதனால் இந்தக் கசிவு குறைந்திருக்கிறது. ஆனால் பழைய போன்கள் கொழும்பில் இன்னும் நிறையவே ஓடுகின்றன.

ரவுட்டரின் பிஎஸ்எஸ்ஐடி, அதாவது அது காற்றில் அறிவிக்கும் வன்பொருள் முகவரி, வெறும் எண்தானே என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். விக்ள் என்று ஒரு பொதுத் தரவுத்தளம் 2001 முதல் இருக்கிறது, உலகம் முழுக்க ஆட்கள் நடந்தும் வாகனத்தில் போயும் சேகரித்த வைஃபை இடங்கள் அதில் வரைபடமாகக் கிடக்கின்றன. அதில் பதிவான பிஎஸ்எஸ்ஐடி என்றால் அது வீட்டு விலாசத்துக்குச் சமம். பிடித்த ஹேண்ட்ஷேக்கை ஹேஷ்கேட்டுக்குக் கொடுக்கும் 22000 என்ற வகை வரி இன்னும் மோசம். அந்த ஒரே வரியில் ரவுட்டர் முகவரி, போன் முகவரி, வைஃபை பெயர், உடைப்பதற்குத் தேவையான மிச்சம் எல்லாம் அடங்கியிருக்கும். "இது சரியான வடிவத்தில் இருக்கிறதா பார்" என்று அதைக் கிளவுட்டில் ஒட்டுவது, வாடிக்கையாளரின் பூட்டை அச்செடுத்து மூன்றாம் ஆளிடம் கொடுப்பது மாதிரி.

சட்டமும் இருக்கிறது. அனுமதியில்லாமல் கணினிக்குள் நுழைவதையும் தரவை இடைமறிப்பதையும் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் குற்றமாக்குகிறது, ஒருவரை அடையாளம் காட்டக்கூடிய தகவலைப் பற்றி 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பேசுகிறது. அனுமதிக் கடிதத்தில் "சோதனைத் தரவு வெளிச் சேவைகளுக்கு அனுப்பப்படுமா" என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். நான் இப்போது "அனுப்பப்படாது" என்று எழுதிக் கையெழுத்து வைக்கிறேன்.

அப்படிக் கையெழுத்து வைத்தால் மிஞ்சுவது சொந்தக் கணினி மொடல்தான். செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடையில் வேலை செய்தபோது முதலாளி என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். "தம்பி, இதெல்லாம் எங்க போகுது?" என்று கேட்டார். நான் லேப்டொப்பின் இணையத்தை முழுதாகத் துண்டித்துக் காட்டிவிட்டு மொடலிடம் அடுத்த கேள்வியைத் தட்டினேன். மெதுமெதுவாக எழுத்து வரத் தொடங்கியது. "நெட் இல்லாமலா?" என்றார். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தேநீர் சொன்னார். தரவுப் பாதுகாப்பைப் பற்றி நான் அரை மணி நேரம் பேசியிருந்தாலும் அவருக்கு அந்த நம்பிக்கை வந்திருக்காது.

ஆனால் இதற்கு விலை உண்டு. 800 கோடி அளவுருக்கள் (மொடலின் அளவைக் காட்டும் எண்கள்) கொண்ட லாமா 3.1ஐ 4 பிட்டுக்குச் சுருக்கினால் ஏறக்குறைய 5 ஜிபி. 16 ஜிபி ரேம் உள்ள லேப்டொப்பில் கிராஃபிக்ஸ் கார்டே இல்லாமல் ஓடும், ஆனால் நீண்ட பதிலுக்குக் காத்திருக்கப் பொறுமை வேண்டும். 1,400 கோடி அளவுருக்கள் கொண்ட மொடல் கண்ணுக்குத் தெரிய நல்லது, அது ஏறக்குறைய 9 ஜிபி, 12 ஜிபி கார்டில் உட்காரும். அதே கார்டில்தான் ஹேஷ்கேட்டும் ஓட வேண்டும், இரண்டையும் ஒன்றாகப் போட்டால் இரண்டுமே திணறும். அதனால் இரவில் ஹேஷ்கேட், காலையில் மொடல் என்று நேரம் பிரித்து வைத்திருக்கிறேன். இன்னொன்று, ஒல்லாமா இப்போது கிளவுட்டில் ஓடும் மொடல்களையும் அதே பட்டியலில் தருகிறது. பெயரைப் பார்க்காமல் அதை எடுத்து ஓட்டிவிட்டால் சொந்தக் கணினி என்று நம்பிக்கொண்டே வெளியே அனுப்புவீர்கள்.

அறிவு என்று பார்த்தால் சின்ன மொடல் கிளவுட் மொடலுக்குப் பக்கத்தில் நிற்காது. ஆனால் நான் அதற்குக் கொடுக்கும் வேலைக்கு அவ்வளவு அறிவு தேவையில்லை. வயர்ஷார்க் என்ற கருவியிலிருந்து எழுத்தாக எடுத்த ஒரு பீக்கனை, அதாவது ரவுட்டர் தன்னை அறிவிக்கும் செய்தியைக் கொடுத்து, இதில் பொத்தானாலோ பின் இலக்கத்தாலோ இணைக்கும் டபிள்யூபிஎஸ் திறந்திருக்கிறதா, துண்டிக்கச் சொல்லும் போலிச் செய்திகளைத் தடுக்கும் நிர்வாக ஃபிரேம் பாதுகாப்பு இருக்கிறதா, டபிள்யூபிஏ2உம் 3உம் கலந்த மோடா என்று கேட்பேன். ரவுட்டர் அமைப்பைக் கொடுத்து எங்கே ஓட்டை என்று கேட்பேன். இதெல்லாம் முன்னால் இருப்பதை வாசித்துச் சொல்லும் வேலை, அதைப் பெரும்பாலும் சரியாகச் செய்கிறது. எண்ணும் வேலையை மட்டும் கொடுக்காதீர்கள். அந்த 64 வரியையும் கொடுத்து எத்தனையில் டபிள்யூபிஎஸ் திறந்திருக்கிறது என்று இரண்டு தடவை கேட்டேன், இரண்டு விடை வந்தது. எண்ணுவதற்கு ஒரு சின்ன பைத்தன் நிரல் எழுதித் தரச் சொல்லுங்கள், நிரல் பிழையாக எண்ணாது, எண்ணினாலும் எங்கே பிழை என்று உங்களால் வாசித்துப் பார்க்க முடியும்.

இப்போது எனக்கு மிகவும் பயம் தந்த இடத்துக்கு வருகிறேன். கிளவுட், சொந்தக் கணினி என்ற வித்தியாசம் இல்லாமல் இரண்டிலுமே இது இருக்கிறது.

அதே கணக்காளர் அலுவலகம். ஹேண்ட்ஷேக் பிடிக்க எச்சிஎக்ஸ்டம்ப்டூல் என்ற கருவியைப் பாவிப்பதாக இருந்தேன். என் பழைய குறிப்பில் இருந்த கட்டளை ஓடவில்லை, அப்படியொரு விருப்பமே இல்லை என்று பிழை காட்டியது. காரணம், 2023இல் வந்த 6.3 பதிப்பில் அதன் கட்டளை விருப்பங்கள் பெரிதாக மாறின. குறிப்பிட்ட ரவுட்டரை மட்டும் குறிவைக்கும் பழைய வடிகட்டிப் பட்டியலை எடுத்துவிட்டு, பிபிஎஃப் என்ற வேறொரு வடிகட்டி முறையைக் கொண்டுவந்தார்கள். அலுவலகத்தின் பெயர், முகவரி எதுவும் இல்லாமல் பிழைச்செய்தியை மட்டும் மொடலிடம் கொடுத்தேன். உடனே திருத்திய கட்டளை வந்தது, கூடவே "இப்போது ஓடும்" என்ற உறுதியும். உண்மைதான், ஓடியிருக்கும். அது செய்த திருத்தம் என்னவென்றால், பிழை தந்த அந்த வடிகட்டியையே தூக்கிவிட்டது. அந்தக் கருவி வடிகட்டி இல்லாமல் ஓடினால் எட்டும் தூரத்தில் இருக்கும் எல்லாவற்றையும் இலக்காக எடுத்துக்கொள்ளும், சும்மா கேட்டுக்கொண்டு மட்டும் இருக்காது, தானே ஃபிரேம் எனும் வைஃபை செய்திகளை அனுப்பத் தொடங்கிவிடும். அதாவது இரண்டுக்குப் பதிலாக 64.

என்டர் அழுத்துவதற்கு முன் கட்டளையை வாய்விட்டு வாசிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. வாசித்தபோது எதையோ விட்டுவிட்டேன் என்று பட்டது, பழைய குறிப்பைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், கை நின்றது. மேல்மாடிக் குடும்பத்தின் பிள்ளை ஒன்லைன் வகுப்பில் இருந்திருக்கலாம், மருந்துக்கடையின் கமரா வைஃபையில் ஓடிக்கொண்டிருந்திருக்கலாம். மொடல் கெட்ட நோக்கத்தோடு செய்யவில்லை. பிழைச்செய்தியைப் போக்கு என்று கேட்டேன், போக்கியது. அந்த வடிகட்டிதான் எனக்கும் சட்டத்துக்கும் நடுவில் நின்ற ஒரே வேலி என்பது அதற்குத் தெரிய வழியில்லை. அன்றிலிருந்து கணினியில் நிறுவியிருக்கும் பதிப்பின் உதவிப் பக்கத்தை அப்படியே கொடுத்துவிட்டுத்தான் கட்டளை கேட்கிறேன். ஹேஷ்கேட்டிலும் இதே கதைதான், 2500 என்ற பழைய வகை எண்ணைக் கைவிட்டு 22000க்கு மாறி எவ்வளவோ காலமாகிவிட்டது, மொடல்கள் இன்னும் சில வேளை 2500ஐ எடுத்து நீட்டும்.

ஏஜென்ட்டை வாடிக்கையாளர் இடத்துக்கு நான் கொண்டுபோகாததற்குக் காரணம் இப்போது விளங்கியிருக்கும். பிழை வந்தால் வடிகட்டியைத் தூக்குவது, மறுபடி ஓடுவது, வெற்றி என்று அறிவிப்பது, இவ்வளவையும் அது சில நொடிகளில் நான் வாசிக்கும் முன்னே முடித்துவிடும். சாதாரண இணையத்தளச் சோதனையில் இலக்கு ஒரு முகவரி, அதற்கு வெளியே போகாமல் ஃபயர்வோலில் மறிக்கலாம். காற்றில் அப்படி மறிக்க முடியாது. டபிள்யூபிஏ2வில் நிர்வாக ஃபிரேம் பாதுகாப்பு இல்லாத ரவுட்டர் என்றால், துண்டிக்கச் சொல்லும் ஒரு ஃபிரேமைப் பொது முகவரிக்கு அனுப்பினாலே அதில் இணைந்திருக்கும் கருவிகள் கழன்றுவிடும். டபிள்யூபிஏ3 அந்தப் பாதுகாப்பைக் கட்டாயமாக்கியிருக்கிறது, ஆனால் நம் கட்டடங்களில் அது இன்னும் எல்லாருடைய ரவுட்டருக்கும் வந்து சேரவில்லை.

இன்னொரு ஆபத்தைப் பலர் யோசிப்பதில்லை. ஏஜென்ட் ஸ்கேன் முடிவை வாசிக்கிறது. அந்த முடிவில் இருக்கும் வைஃபை பெயர்களை வைத்தவர்கள் முன்பின் தெரியாத ஆட்கள். பெயருக்கு 32 பைட் இடம் உண்டு, தமிழில் பத்துக் குறியீடு கூடத் தாண்டாது, ஆங்கிலத்தில் ஒரு சின்னக் கட்டளை வாக்கியம் தாராளமாக அடங்கும். கருவிகள் அறிவிக்கும் பெயர், லொகின் பக்கத்தின் எழுத்து என்று இன்னும் நீளமாக எழுதக்கூடிய இடங்களும் இருக்கின்றன. வாசிப்பதையும் கட்டளையையும் பிரித்தறிய மொடல்களுக்கு இன்னும் உறுதியான வழி இல்லை. டெர்மினலைக் கையில் வைத்துக்கொண்டு அந்நியர் எழுதியதை வாசிக்கும் ஒன்றை நான் நம்பத் தயாரில்லை.

அதற்காக ஏஜென்ட் பக்கம் போகவே வேண்டாம் என்று சொல்லவில்லை. சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்னின்று 2023இல் வெளியிட்ட பென்டெஸ்ட்ஜிபிடி என்ற பாதுகாப்புச் சோதனைக் கருவியின் முதல் வடிவத்தில் கட்டளையை மனிதர்தான் ஓட்டி, முடிவை மொடலிடம் கொடுக்க வேண்டும். தனித்தனி வேலைகளில் மொடல்கள் கெட்டிக்காரத்தனம் காட்டினாலும் சோதனை நீள நீள முழுப்படத்தையும் மனதில் வைத்திருக்கத் தடுமாறுகின்றன என்று அவர்கள் எழுதியிருந்தார்கள், என் அனுபவமும் அதேதான். 2024 நவம்பரில் எம்சிபி என்ற பொது இணைப்பு முறை வந்த பிறகு கருவிகளை மொடலோடு இணைப்பது இன்னும் இலகுவாகிவிட்டது. படிக்க விரும்பினால் ஒரு பழைய ரவுட்டர், ஒரு பழைய போன், அலை பரவும் சக்தியைக் குறைத்த அமைப்பு, இவ்வளவையும் வீட்டு மேசையில் வைத்து விளையாடுங்கள். நிறையக் கற்கலாம்.

கொழும்பைத் தெரிந்த ஆள் ஏன் இன்னும் தேவை என்பதற்கு ஒரு உதாரணம். பாஸ்வேர்ட் பலவீனமா என்று பார்க்க எந்தப் பட்டியலில் தொடங்கலாம் என்று கேட்டால், மொடல்கள் எல்லாம் வெளிநாட்டில் கசிந்த பழைய பெரிய பட்டியல்களைத்தான் சொல்கின்றன. இங்கே ஆட்கள் வைப்பது தொலைபேசி இலக்கம். டபிள்யூபிஏ2வுக்குக் குறைந்தது 8 எழுத்து வேண்டும், பத்து இலக்கம் வசதியாகப் பொருந்துகிறது, ஞாபகமும் இருக்கும். 070, 071, 072, 074, 075, 076, 077, 078 என்று எட்டுத் தொடக்கம், ஒவ்வொன்றிலும் ஒரு கோடி, மொத்தம் எட்டுக் கோடி. கொழும்பு நிலையான இணைப்பு 011 என்றால் இன்னும் ஒரு கோடி. நடுத்தர கார்டில் ஹேஷ்கேட் நொடிக்குச் சில இலட்சம் பார்க்கும், அதனால் இவ்வளவும் சில நிமிட வேலை. பிறகு அடையாள அட்டை இலக்கம், பிள்ளையின் பெயரோடு பிறந்த ஆண்டு. இதைச் சொல்லிக் கொடுத்தால் சொந்தக் கணினி மொடல் நல்ல வடிவங்கள் எழுதித் தரும், சொல்லாவிட்டால் அதுவாக வராது.

கடைசியாக ரிப்போர்ட். இதில் கிளவுட் மொடல்கள்தான் முன்னுக்கு நிற்கின்றன, சின்ன மொடல்களின் தமிழ் இரண்டு பந்திக்குள் குழம்பிவிடுகிறது. தமிழ் எழுத்தை இவை ஆங்கிலத்தை விடப் பல மடங்கு துண்டுகளாக உடைத்துத்தான் வாசிக்கின்றன, அதனால் மெதுவாகவும் வரும். நான் செய்வது, பெயர், முகவரி, எண் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு "அலுவலகம் அ, ரவுட்டர் 1" என்று மாற்றிய குறிப்பை மட்டும் கிளவுட்டில் கொடுத்து முதல் வரைவு எடுப்பது. பிறகு ஒவ்வொரு வரியையும் கையால் மாற்றுவது.

கணக்காளர் அலுவலகத்துக்கு வந்த வரைவின் முதல் வரி, "பலவீனமான முன்பகிர்வு விசை கண்டறியப்பட்டது" என்று இருந்தது. அதை அழித்துவிட்டு, "உங்கள் வைஃபை பாஸ்வேர்ட் உங்கள் கதவில் தொங்கும் பெயர்ப்பலகையிலேயே இருக்கிறது" என்று எழுதிக் கொடுத்தேன். 011இல் தொடங்கும் அலுவலக இலக்கம், ஹேஷ்கேட் ஒரு நிமிடத்துக்குள் கண்டுபிடித்திருந்தது. கணக்காளர் சேர் அதை வாசித்துவிட்டு எழுந்து போய் வாசலில் நின்று பலகையைப் பார்த்தார். திரும்பி வந்து, "தம்பி, இப்பவே மாத்துவம்" என்றார்.